தங்குமிடத் தெரிவு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பகுதியும் வல்வெட்டித்துறைக் கரையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்விப் பாரம்பரியத்தைக் காண இரண்டு மூன்று நாள் பயணமாக வருபவர் எங்கே தங்கவேண்டும் என்பதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை யாழ் நகர்ப்பகுதி என்பதே. பஸ் நிலையம், புகையிரத நிலையம், கோட்டை, பொதுநூலகம், பெரிய ஹோட்டல்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் குடாநாட்டின் கல்வி ஒரு நகருக்குள் அடங்கி வளர்ந்ததல்ல. வட்டுக்கோட்டை, வண்ணார்பண்ணை, மருதனார்மடம், திருநெல்வேலி, பருத்தித்துறை என்று ஊர் ஊராகப் பரந்து, அவ்வூர்களை இணைத்த தெருக்களின் வழியே வளர்ந்தது. அதே தெருக்களில்தான் வழிப்போக்கருக்கான தங்குமிடங்களும் எழுந்தன. ஆகவே அறையின் வசதியைப் பார்ப்பதற்கு முன் அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று பார்ப்பதே முறை. அப்படிப் பார்த்தால், பயணத்தின் பெரும்பகுதியைத் திருநெல்வேலி, கந்தர்மடம், நல்லூர் வட்டாரத்திலும், ஓர் இரவையேனும் வல்வெட்டித்துறையை அண்டிய வடமராட்சிக் கரையிலும் கழிப்பதே பொருத்தம்.

குடாநாட்டில் அயலாருக்கு இடம் கொடுத்த அமைப்புகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது சங்கடப்படலை. வீட்டு வளவின் வாசற்படலைக்கு மேலே சிறு கூரை வேய்ந்து, இருபுறமும் குந்தியிருக்கத் திண்ணை கட்டி, சில இடங்களில் குடிதண்ணீர்ப் பானையும் வைத்திருப்பார்கள். வெயிலிலோ மழையிலோ தெருவால் போகிறவர் வீட்டாரிடம் கேளாமலே அதில் ஒதுங்கலாம். வீட்டின் எல்லை தெருவில் போகிறவனுக்கும் கொஞ்சம் உரியது என்ற எண்ணம் அந்தக் கூரையில் இருந்தது. இரண்டாவது தலைவாசல். இது வளவின் முன்புறத்தில் அமைந்த விருந்தினர் மண்டபம். அறிமுகமானவர், உறவினரின் உறவினர், வழக்கு விவகாரத்துக்காக வந்தவர் ஆகியோர் இரவு தங்க இடம் இது. நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கூடங்கள் அமைந்த நாற்சார் வீட்டின் உட்கூடத்துக்குள் போகாமலே ஒருவர் இங்கு உண்டு உறங்கிப் போகலாம். மூன்றாவது மடம். இது தனி வீட்டுக்கு உரியதல்ல. ஊருக்கோ கோயிலுக்கோ உரியது, அல்லது அறம் செய்தவர் ஒருவரின் பெயரால் நிற்பது. நான்காவது வாடிவீடு. ஐரோப்பிய ஆட்சியில் உத்தியோகத்தரின் சுற்றுப்பயணத்துக்காக அரசாங்கம் தெருவோரங்களிலும் துறைகளிலும் அமைத்தது. முதல் மூன்றிலும் காசு வாங்கும் வழக்கம் இல்லை. நான்காவதில்தான் கட்டணமும் பதிவேடும் வந்தன. இன்றைய ஹோட்டல் இந்த நான்காவது வகையின் வாரிசு என்பதை நினைவில் வைத்தால், அது ஏன் பெரும்பாலும் கோட்டையையும் புகையிரத நிலையத்தையும் சுற்றி நிற்கிறது என்பது விளங்கும்.

இவற்றுள் மடமே விரிவாக ஆராயத் தக்கது. குடாநாட்டில் மடம் பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. பக்கத்தில் படிக்கட்டுள்ள கேணி இருக்கும். கேணியருகே மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் நாட்டியிருக்கும். சற்றுத் தள்ளித் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி நிற்கும். இரண்டு நெடுங்கற்களின் மேல் ஒரு கிடைக்கல்லைப் பரப்பினால் அது சுமைதாங்கி. சுமப்பவர் குனியாமலே சுமையை அதன்மேல் தள்ளிவிடலாம், பிறர் உதவியின்றித் திரும்பவும் ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நாட்டும் வழக்கமும் இருந்தது. மனிதனுக்கு நிழல், மாட்டுக்குத் தண்ணீர், சுமைக்கு இடம் என்ற மூன்றையும் ஒன்றாக எண்ணிச் செய்த ஏற்பாடு இது. பருத்தித்துறைத் தெருமூடி மடம் இவ்வகையின் மிகச் சிறந்த எச்சம். தும்பளைக்குப் போகும் தெரு அந்த மடத்துக்கு ஊடாகவே செல்கிறது. இருபுறமும் உயர்ந்த திண்ணைகள், அவற்றின்மேல் கற்றூண்கள், தெருவையும் சேர்த்து மூடும் கூரை. வண்டியில் போகிறவர் மடத்துக்குள் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறுவார். களைத்தவர் வண்டியை நிறுத்தித் திண்ணையில் ஏறிப் படுப்பார். இன்றும் மோட்டார் சைக்கிள்கள் அந்தக் கூரைக்குக் கீழேயே ஓடுகின்றன. தங்குமிடம் தெருவோடு சேர்ந்த ஒன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான கட்டடச் சான்று குடாநாட்டில் இல்லை.

மடங்கள் பல மறைந்தாலும் பெயர்கள் மறையவில்லை. கந்தர்மடம், ஓட்டுமடம், மருதனார்மடம் ஆகிய இடப்பெயர்கள் வழிப்போக்கர் எங்கெங்கே தரித்தார்கள் என்பதைக் காட்டும் வரைபடமாகவே இருக்கின்றன. உயர்கல்வி நிறுவனங்கள் இந்த வரைபடத்தின் மீதே வந்து அமர்ந்தன என்பது கவனிக்கத் தக்கது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்கான இராமநாதன் கல்லூரியை மருதனார்மடத்தில் நிறுவினார். 1921இல் அவர் திருநெல்வேலியில் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவே 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமானது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாகியபோது பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார். கந்தர்மடம் இந்த வளாகத்துக்குப் பக்கத்தில் பலாலி வீதியில் இருக்கிறது. இசையும் நடனமும் கற்பிக்கும் இராமநாதன் நுண்கலைக் கழகம் மருதனார்மடத்தில் இயங்கிவந்தது. விஞ்ஞான பீடம் தொடக்க ஆண்டுகளில் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரிக் கட்டடங்களில் நடந்தது. அந்த வட்டுக்கோட்டையில்தான் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் உயர்கல்விக் குருமடத்தைத் தொடங்கினார்கள். மாணவர் அங்கேயே தங்கிப் படித்தார்கள். 1855இல் அது மூடப்பட்டாலும், அங்கு படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள். யாழ்ப்பாணம் எந்த ஆண்டு முதல் பல்கலைக்கழக நகர் என்று கேட்டால், 1974 என்பது சட்டப்படியான விடை. 1823 என்பதே வரலாற்றுப்படியான விடை.

இனி நகர்ப்பகுதிக்காகச் சொல்லப்படுவதைப் பார்க்கலாம். அதன் வலுவான சான்று பொதுநூலகம். 1959இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் 1981 ஜூன் முதலாம் திகதி எரிந்து சாம்பலானது, மீண்டும் கட்டப்பட்டது. கல்விக்காக வருபவர் அதைப் பாராமல் திரும்ப முடியாது. இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் நூலகத்தைக் காண அரைநாள் போதும். அதற்காக நூலகத்தின் பக்கத்தில் உறங்கவேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து அது பஸ்ஸில் சிறிது நேர ஓட்டம்தான். மாறாக, பல்கலைக்கழகச் சூழலின் உயிர் காலையிலும் மாலையிலுமே தெரியும். விரிவுரைக்கு முன் சைக்கிள்களில் வரும் பிள்ளைகள், வீடுகளின் முன் அறைகளில் வாடகைக்கு இருந்து படிக்கும் வெளிமாவட்ட மாணவர், போட்டோப்பிரதிக் கடைகளின் கூட்டம், திருநெல்வேலிச் சந்தையின் மரக்கறிக் குவியல், நல்லூர் மாலைப் பூசை மணி இவையெல்லாம் நகரில் அறை எடுத்தவருக்குக் கிட்டாது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் விடுமுறைக் காலத்தில் கல்லூரி அறைகளையே வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே வருபவர் கல்லூரி முற்றத்துக்குள்ளேயே விழித்தெழலாம். யாழ்ப்பாணத்தில் அந்த ஏற்பாடு இல்லாதபடியால், வளாகத்தைச் சூழ்ந்த தெருக்களே அதற்கு ஈடு. நகரின் கோட்டைப் பக்கம் எப்போதும் ஆள்பவரின் இருப்பிடமாக இருந்தது. 1905இல் பிரித்தானிய ஆட்சியின் இளம் உத்தியோகத்தராக வந்த லெனாட் வூல்ஃப் குடியிருந்ததும் கோட்டை மதில்மேல் இருந்த பங்களாவில்தான். ஆள்பவர் நிர்வாகத்தை நடத்த அந்த இடம் ஏற்றது. கற்க வந்தவருக்கு ஊருக்குள் இருக்கும் தெருவே ஏற்றது.

மடத்தை இவ்வளவு உயர்த்திப் பேசலாமா என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. மடத்துத் திண்ணை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. சாதியின் பேரால் கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர் மடத்திலும் கேணியிலும் மறிக்கப்பட்டார். தேநீர்க்கடையில் சமமாக இருந்து குடிப்பதற்கே போராட வேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. இதை மறைத்துவிட்டு விருந்தோம்பலின் பெருமையை எழுதுவது அநீதி. சங்கடப்படலை, கேணி என்ற சொற்களைக் கேட்டதும் உருகும் எழுத்துகள் பல இந்த உண்மையைத் தவிர்த்துவிடுகின்றன. பெயர் கேளாமல், ஊர் கேளாமல் அறை கொடுக்கும் கட்டண விடுதி இந்த ஒரு விடயத்தில் மடத்தைவிட மேலானது. ஆயினும் இந்த மறுப்பு மடத்தின் ஒழுங்கைக் குற்றஞ்சாட்டுகிறதே தவிர, அது நின்ற இடத்தைப் பற்றிய சான்றைத் தொடவில்லை. வழி எங்கே பிரிந்தது, நடந்தவர் எங்கே களைத்தார், தண்ணீர் எங்கே கிடைத்தது என்பவற்றுக்கு மடங்களின் இருப்பிடம் சாட்சி. அந்தச் சாட்சியை ஏற்று, எல்லாரையும் ஏற்கும் விடுதியை அங்கே தேடுவதில் முரண் எதுவும் இல்லை.

வடமராட்சிக் கரையில் ஏன் ஓர் இரவு என்பதற்குக் கல்வியும் கடலும் காரணம். பருத்தித்துறையில் வெஸ்லியன் மிஷன் 1838இல் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரியும், வல்வெட்டித்துறைச் சிதம்பராக் கல்லூரியும் இப்பகுதியின் பிள்ளைகளைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பின. பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த க. கணபதிப்பிள்ளை புலோலியைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கா. சிவத்தம்பி கரவெட்டியைச் சேர்ந்தவர். திருநெல்வேலி வகுப்பறைகளில் பேசியவர்கள் எந்த மண்ணிலிருந்து வந்தார்கள் என்பதை அறியாமல் அந்த வகுப்பறைகளை அறிந்ததாகச் சொல்லமுடியாது. வல்வெட்டித்துறைக்கு இன்னொரு வகைக் கல்வியும் உண்டு. நாகபட்டினம், இரங்கூன் துறைகளோடு வாணிபம் செய்த பாய்க்கப்பல்களை இவ்வூரவர் தாமே கட்டி, தாமே ஓட்டினார்கள். இங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பல் ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, புதுப்பெயரோடு 1938 ஆகஸ்ட் 1இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. காற்றையும் நீரோட்டத்தையும் விண்மீனையும் படித்தவர்களின் அறிவு பட்டச் சான்றிதழில் வரவில்லை என்பதற்காக, அது கல்வி வரலாற்றுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. ஊருக்கு மேற்கே தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகன் கோயில் அன்னதானத்துக்குப் பேர்போனது. அங்குள்ள மடங்களும் சந்நிதியான் ஆச்சிரமமும் பழைய ஒழுங்கு இன்னும் உயிரோடிருப்பதைக் காட்டுகின்றன. அவை அடியார்க்கு உரியவை. வாடகை மிச்சம்பிடிக்க வந்த சுற்றுலாப் பயணிக்கு உரியவை அல்ல.

வல்வெட்டித்துறையில் ஹோட்டல் வசதி குறைவு, தூரம் அதிகம் என்பார்கள். யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் என்பது உண்மை. பருத்தித்துறைக்கு நெல்லியடி வழியாக ஒரு தெருவும், அச்சுவேலி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை வழியாக இன்னொரு தெருவும் போகின்றன. இரண்டாவதில் போய் முதலாவதால் திரும்பினால் அந்தத் தூரமே ஒரு பயணமாகிவிடும். தங்கத் தக்க பழைய வீடுகளும் இங்கு குறைவாக இருப்பதற்குக் காரணம் போர். 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படை இங்கு நடத்திய படுகொலையின்போது வீடுகளும் எரிக்கப்பட்டன. ஆயினும் இன்று குடாநாட்டில் புலம்பெயர்ந்தோரின் வீடுகள் சில விருந்தினருக்கு வாடகைக்கு விடப்படுகின்றன.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் பட்டமளிப்பு விழாக் காலத்திலும் திருநெல்வேலி, நல்லூர் வட்டாரத்தில் அறை கிடைப்பது அரிது. அக்காலங்களில் வருபவர் முன்பதிவு செய்யாமல் புறப்படக்கூடாது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டியைக் காண விரும்புவோர், முதல்நாளே வடமராட்சிக்கு வந்து தங்குவது நல்லது.