கான்புலே: கரும்புத் தீயில் பிறந்த பெயர்

டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், கார்னிவலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை விடியுமுன் தீப்பந்தமும் சிலம்புக் கழியுமாக ஒரு காட்சி நடித்துக் காட்டப்படுகிறது. அதன் பெயர் கான்புலே. 'எரிந்த கரும்பு' என்று பொருள்படும் 'கான் ப்ரூலே' என்ற பிரெஞ்சுத் தொடர் கிரியோல் நாவில் தேய்ந்து இப்படி ஆனது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடிய விழாவுக்குக் கரும்புத் தீ பெயர் தந்தது ஏன்? 1881இல் கான்புலே ஊர்வலத்தை ஒட்டி மூண்ட கலவரத்துக்குப் பின் ஃப்ரேசர் என்பவர் எழுதிய குறிப்பில் இதற்கு விடை இருக்கிறது. தோட்டத்தில் தீப்பிடித்தால் கொம்பும் சங்கும் ஊதி, அக்கம்பக்கத் தோட்டத்து அடிமைகளையும் திரட்டுவார்கள். கங்காணிகள் சாட்டையோடு அவர்களைத் தீயை நோக்கி ஓட்டிச் செல்வார்கள். விடுதலை பெற்றபின் அம்மக்கள் இந்தக் கொடுமையையே நடித்துக் காட்டினர். முதலில் அது நடந்தது விடுதலை நாளான ஆகஸ்ட் 1 இரவில். கார்னிவலுக்கு மாறியது பிற்பாடுதான்.

விடுதலைக்கு முன்பே பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் வயல் அடிமை வேடமிட்டு இதே காட்சியைக் கேளிக்கையாக ஆடியதுண்டு. அதைக் காட்டி, பின்னாளைய கான்புலே அதன் வெறும் நகல் என்பது பொருந்தாது. காலில் நீளச் சங்கிலியும் பூட்டும் மாட்டிய ஒருவனை மற்றவர்கள் இழுத்துவந்து, கீழே தள்ளி, அடிப்பதுபோல் நடித்ததை 1848 கார்னிவலில் கண்டு எழுதியிருக்கிறார் சார்லஸ் டே என்பவர். முழு விடுதலை 1838இல்தான் வந்தது. ஆடியோரில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். அவர்களுக்கு அந்தச் சங்கிலி வேடப்பொருள் மட்டுமல்ல.

ஊர்வலத்தைக் குறிக்கும் 'கம்புலே' என்ற கிகோங்கோ மொழிச் சொல்லே பெயரின் மூலம் என்போரின் வாதம், நகல் என்ற வாதத்தைவிட வலுவானது. அம்மொழி பேசிய கொங்கோ மக்களும் டிரினிடாடுக்குக் கொண்டுவரப்பட்டவர்களே. ஆனால் அது ஊர்வலத்தை விளக்குமே தவிரத் தீப்பந்தத்தை விளக்காது. தங்கள் பழஞ்சொல்லை ஒத்து ஒலித்ததாலேயே பிரெஞ்சுத் தொடர் அவர்கள் வாயில் நிலைத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இது விடுதலையின் விழா என்பதற்கு ஆட்சியாளரின் அச்சமும் சான்று. 1881இல் காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கர் ஊர்வலத்தை அடக்க முயன்றபோது மக்கள் கழியெடுத்து எதிர்த்து நின்றனர். 1884இல் வந்த சட்டம் கார்னிவலை விட்டுவிட்டது. தீப்பந்த ஊர்வலம், முரசு, கழிக்கூட்டம் ஆகியவற்றையே குறிவைத்தது. தோல்முரசு பறிபோனதும் மக்கள் மூங்கிலை வெட்டிவந்து, தரையில் இடித்துத் தாளம் போட்டபடி தெருவில் இறங்கினார்கள்.