பனியன் ஊரும் ஜன்னலும் பென்குயினும்

விண்டோஸா, லினக்ஸா என்ற சண்டை இணையத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. சண்டை போட்டவர்களில் பாதிப்பேர் அதை ரஜினியா கமலா ரேஞ்சில் ஒரு ரசனை விஷயமாகத்தான் பேசினார்கள். மீதிப்பேர் சுதந்திரம், அந்தரங்கம் என்று பெரிய வார்த்தைகளில் பேசினார்கள். இந்த இரண்டு கோஷ்டியும் ஒருமுறை திருப்பூரைப் பார்த்திருக்கலாம். அந்த ஊரில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் ஓட வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் முடிவு செய்ததே இல்லை. ஆடிட்டர் முடிவு செய்தார், அமெரிக்காவில் இருந்த பையர் முடிவு செய்தார், அரசாங்கம் முடிவு செய்தது.

எக்ஸ்பியில் இருந்து ஆரம்பிப்போம். விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர் கட்டாயமாகிக் கொண்டிருந்த காலம். பையருக்கு மெயில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கணக்குக்கு டேலி, பேட்டர்ன் போட்டு மார்க்கர் எடுக்க ஒரு கேட் மென்பொருள், எம்ப்ராய்டரிக்கு ஒன்று, பிரிண்டிங் டிசைனுக்கு கோரல் டிரா. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். எல்லாமே விண்டோஸில் ஓடுபவை.

ஆனால் இவற்றை எல்லாம் காசு கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர்? அசெம்பிள் செய்து கொடுக்கும் கடைக்காரர் மதர்போர்டுக்கும் ஹார்ட் டிஸ்குக்கும் பில் போடுவார். எக்ஸ்பியும் ஆபீஸும் ஒரு சிடியில் இருந்து 'சும்மா' ஏறிவிடும். இது திருப்பூரின் தனிக்குணம் இல்லை, நாடு முழுக்க இதே கதைதான். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. இந்தியாவில் திருட்டு மென்பொருளின் பங்கு 2007ல் 69 சதவீதம், 2011ல் 63 சதவீதம் என்று கணக்கு சொன்னது. (விற்பவர்களே எடுத்த கணக்கு, கொஞ்சம் தள்ளுபடி செய்து கொள்ளலாம். அப்படியும் பாதிக்குக் கீழே போகாது!)

சும்மா கிடைத்ததற்கு விலை வேறு ரூபத்தில் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2005ல் விண்டோஸ் அசலா நகலா என்று சோதிக்க ஆரம்பித்தது. அந்தச் சோதனை நிரலின் ஒரு பதிப்பு தினமும் சத்தமில்லாமல் மைக்ரோசாஃப்ட் சர்வரோடு பேசுகிறது என்பது 2006ல் வெளியே வந்து பெரிய ரகளை ஆனது. பிறகு அதை மாற்றினார்கள். நகல் வைத்திருந்தவர்கள் செய்த வைத்தியம் எளிமையானது: அப்டேட்டையே நிறுத்திவிடுவது. அதாவது மைக்ரோசாஃப்ட் எட்டிப் பார்க்கக்கூடாது என்று ஜன்னலை அடைத்துவிட்டு, பூட்டு ரிப்பேர் செய்ய வருபவனையும் சேர்த்து வெளியே நிறுத்தினார்கள். 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் புழு கிளம்பியபோது அதற்கான தடுப்பு ஏற்கெனவே அக்டோபரிலேயே வந்திருந்தது. அப்டேட் செய்யாத கணினிகளில்தான் அது நெட்வொர்க் வழியாகவும் பென்டிரைவ் வழியாகவும் உலகம் முழுக்க ஊர்ந்தது.

ஒரு பனியன் கம்பெனியின் கணினியில் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது என்று கேட்கலாம். காஸ்டிங் ஷீட் இருக்கிறது. நூல் என்ன விலை, நிட்டிங் கூலி எவ்வளவு, டையிங் எவ்வளவு, ஒரு பீஸுக்கு எத்தனை ரூபாய் நிற்கிறது என்ற கணக்கு. பக்கத்து கம்பெனிக்குத் தெரிந்தால் அடுத்த ஆர்டர் போச்சு. அதைப் பூட்டிய கேபின் அறையில் வைத்திருந்தார்கள், ஆனால் யாரோ உடைத்துக் கொடுத்த ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள். அந்த உடைத்தவர் வேறு என்ன சேர்த்து அனுப்பினார் என்று பார்க்க யாருக்கு நேரம்? ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டதே!

அடி வந்தது எதிர்பாராத திசையில் இருந்து. லூசியானா மாநிலம் 2010லும் வாஷிங்டன் மாநிலம் 2011லும் சட்டம் போட்டன. திருட்டு மென்பொருளைப் பயன்படுத்திப் பொருள் தயாரிக்கும் நிறுவனம், அந்தப் பொருளைத் தங்கள் மாநிலத்தில் விற்றால் அது நியாயமற்ற போட்டி, வழக்குப் போடலாம் என்றன. டி-ஷர்ட்டில் மென்பொருள் எங்கே இருக்கிறது என்று சிரித்தவர்கள் உண்டு. 2013 ஜனவரியில் சிரிப்பு நின்றது. கலிஃபோர்னியா மாநிலம் ஏற்கெனவே தன்னிடம் இருந்த நியாயமற்ற போட்டிச் சட்டத்தின்படி ஓர் இந்திய ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் மீதும் ஒரு சீன நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடர்ந்தது. தொடர்ந்தவர் அப்போது அங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்த கமலா ஹாரிஸ். ஆமாம், திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி.கோபாலனின் பேத்திதான். அந்த இந்திய நிறுவனம் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தது, திருப்பூர் அல்ல. ஆனால் அதே அமெரிக்காவுக்குத்தான் திருப்பூரும் பெட்டி அனுப்புகிறது.

இதில் நியாயம் இருபக்கமும் இருக்கிறது. உழைத்து எழுதிய மென்பொருளைத் திருடுவது தப்பு. அதே சமயம், ஒரு பீஸுக்கு சென்ட் சென்ட்டாகக் குறைக்கச் சொல்லும் நாடு, மென்பொருளுக்கு மட்டும் தன் ஊர் விலையைக் கேட்பதும் கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது.

சரி, அப்போது லினக்ஸ் எங்கே போயிருந்தது? தமிழ்நாட்டிலேயேதான் இருந்தது, அதுவும் அரசாங்க ஆதரவோடு! எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதை சூசே லினக்ஸுக்கு மாற்ற ஆரம்பித்தார். திருவாரூர் கலெக்டராக இருந்தபோது மாவட்ட நிர்வாகத்தைக் கணினிமயமாக்கியவர் இவர். பள்ளிகளுக்கான 30,000 கணினிகளும் 1,880 சர்வர்களும் லினக்ஸுக்குப் போகின்றன என்ற செய்தி 2008ல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதற்கு முன்பே, 2007 ஜனவரியில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்துவிட்டது. 2008லேயே உமாசங்கர் எல்காட்டில் இருந்து மாற்றப்பட்டார். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியிலும் ஏறக்குறைய இதே கதை. 2003ல் லினக்ஸ் என்று முடிவெடுத்து, பல வருடம் உழைத்து மாறி, தலைமை மாறியபின் 2017ல் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தார்கள்.

ஆனால் ஆள் மாறியது மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அரசு அலுவலகங்களில் தமிழ்க் கோப்புகள் வானவில் போன்ற எழுத்துருக்களில், ஆளுக்கொரு குறியீட்டில் அடிக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கொக்கி கொக்கியாகத் தெரியும். யூனிகோடை அரசு தரமாக அறிவித்ததே 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு சமயத்தில்தான். வண்டியை மாற்றச் சொன்னது முதலில், ரோடு போட்டது பிறகு.

பள்ளிக்கூடக் கதை இன்னும் வேடிக்கை. 2000களின் மத்தியில் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் இருந்தது ஸ்டார் ஆபீஸ். படித்துவிட்டு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனால் கேட்ட முதல் கேள்வி, "எக்ஸெல் தெரியுமா? டேலி தெரியுமா?" 2011 செப்டம்பர் 15ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் சேர்ந்தே வந்தன. ஆன் செய்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வெளியே எல்லா வேலையும் விண்டோஸில் இருக்கும்போது எதை எடுப்பார்கள்? பாலக்காட்டு கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளம் வேறு மாதிரி செய்தது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் பாடம், ஆசிரியர் பயிற்சி, தேர்வு என்று அத்தனையையும் லினக்ஸில் வைத்தது. அங்கே அது நிலைத்துவிட்டது.

எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதையொட்டி அரசுத் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது தமிழக அரசு. திருப்பூரிலோ காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, அதுவரை நோட்டில் கணக்கு எழுதிய ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் கணினிக்கு ஓட வேண்டியதாயிற்று. ரிட்டர்ன் தயார் செய்ய அரசே கொடுத்த ஆஃப்லைன் டூல் விண்டோஸையும் எக்ஸெலையும் நம்பி எழுதப்பட்டிருந்தது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவரும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் வேண்டும் என்று அடம்பிடித்த பல அரசுத் தளங்களும் சேர்ந்துகொண்டன. ஒரு கையால் லினக்ஸை நீட்டிய அரசாங்கம், மறுகையால் விண்டோஸுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் லினக்ஸ் திருப்பூருக்கு வரத்தான் செய்தது. யாரும் மாறவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு டெய்லர், செக்கிங் பெண்கள், ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த தொழிலாளர்கள் என்று எல்லோர் கையிலும் போன். ஆனால் லினக்ஸ்காரர்கள் வாக்குக் கொடுத்த அந்தரங்கம் மட்டும் கூட வரவில்லை.

வாரக்கூலி வாங்குபவரின் வாழ்க்கையில் செவ்வாய், புதன் கையில் காசிருக்காது. சனிக்கிழமை வரை தள்ள வேண்டும். அந்த இடைவெளியைக் குறிவைத்துத்தான் உடனடிக் கடன் ஆப்கள் வந்தன. நிறுவும்போது காண்டாக்ட் லிஸ்ட், போட்டோ எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். மொழி புரியாமல் எல்லாவற்றுக்கும் சரி சொன்னவர்கள் ஏராளம். தவணை தவறினால் அண்ணன், மாமியார், சூப்பர்வைசர் என்று போனில் உள்ள அத்தனை பேருக்கும் அசிங்கமான மெசேஜும் மார்ஃபிங் படமும் போகும். நாடெங்கும் தற்கொலைகள் நடந்தன. 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. 2022 செப்டம்பரில்தான் கடன் ஆப்கள் காண்டாக்ட் லிஸ்ட், கால் லாக், போனில் உள்ள கோப்புகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று விதி போட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது 2017 ஆகஸ்ட் 24ல். அதற்கான தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் நிறைவேறி, விதிகள் வெளிவந்தது 2025 நவம்பரில். காஸ்டிங் ஷீட் கசிந்தால் ஓர் ஆர்டர் போகும். இங்கே போனது மானமும் உயிரும்.

இதற்கிடையே 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. மெயில், ஜி.எஸ்.டி. தளம், பையரின் போர்ட்டல் எல்லாம் இப்போது பிரவுசருக்குள் வந்துவிட்டதால், அந்த மெஷின்களில் உபுண்டுவோ மின்ட்டோ போட்டு ஓட்டுவது எக்ஸ்பி காலத்தைவிட ரொம்பச் சுலபம். பேட்டர்ன் மாஸ்டரின் கேட் மெஷினையும் கணக்குப்பிள்ளையின் டேலி மெஷினையும் மட்டும் இன்னும் அசைக்க முடியாது. மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸில் இருந்து போன் வரும், டேலி பேக்கப் எடுத்து அனுப்பச் சொல்லி.