நடையும் நுரையீரலும்

சேலம் நகரத்துச் செவ்வாய்ப்பேட்டை, செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற பகுதி. லீ பஜாரின் மண்டிகளும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் அதற்குப் புகழ் தேடித் தந்தவை. மண்டியில் மூட்டை சுமக்கும் தொழிலாளி நாள் முழுதும் நடக்கிறார். கொலுசு செய்பவரோ சிறிய அறையில், நெருப்பருகே குனிந்து அமர்ந்தே பொழுதைக் கழிக்கிறார். முன்னவருக்குத் தூசி, பின்னவருக்குப் புகை. இவ்விருவரிடமும் "நடந்தால் நுரையீரல் நலம் பெறும்" என்று நாம் கூறுவோமாயின், அக்கூற்றில் உண்மை எவ்வளவு, வெறும் நம்பிக்கை எவ்வளவு? இதற்கு விடை காண, மருத்துவ வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

காசநோய்க்கு மருந்தே இல்லாதிருந்த காலத்தில், நடையையே மருந்தாகக் கொண்ட வைத்தியர்கள் இருந்தார்கள். 1850களில் சைலீசியா நாட்டு மலைச்சாரலில், கெர்பர்ஸ்டார்ஃப் என்னும் சிற்றூரில், ஹெர்மன் பிரேமர் என்பார் ஒரு நலவாழ்வு மனை அமைத்தார். இதயம் வலுவிழந்திருப்பதாலேயே காசநோய் தோன்றுகிறது என்பது அவர் கொள்கை. ஆகவே நோயாளிகளை மலைப்பாதையில் படிப்படியாக நடக்கச் செய்தார். அவரிடம் சிகிச்சை பெற்று, பின்னர் அவருக்கே உதவியாளராயிருந்த டெட்வைலர், 1876இல் ஃபால்கன்ஸ்டைனில் வேறொரு மனையைத் தொடங்கினார். அவரோ ஆசானுக்கு நேர்மாறாக, நோயாளிகளைத் திறந்த தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலிகளில் படுக்க வைத்தார். ஆசான் நடக்கச் சொன்னார். மாணவர் படுக்கச் சொன்னார். நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882இல் கண்டறிந்து அறிவித்த பின்னரும் இவ்வழக்குத் தீரவில்லை. இங்கிலாந்தில் ஃபிரிம்லி மனையில் 1905 முதல் மார்க்கஸ் பேட்டர்சன், நாளொன்றுக்கு அரை மைல் நடையில் தொடங்கிப் பத்து மைல் வரை உயர்த்தி, பிறகு கூடை சுமக்கவும் மண்வெட்டி பிடிக்கவும் நோயாளிகளைப் பழக்கினார்.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு. டாக்டர் சவுரிமுத்து என்னும் நம்மவர் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய மனை ஒன்றை நடத்தி வந்தார். ஈரோட்டில் பிறந்த கணிதமேதை இராமானுஜன், காசநோய் என்று அன்று கருதப்பட்டு, 1917இல் அங்கே சிகிச்சை பெற்றார். பின்னர்த் தாயகம் திரும்பிய சவுரிமுத்து, 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அங்குள்ள இரயில் நிலையத்தின் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது.

நடையா, ஓய்வா என்ற பழைய வழக்கைப் பின்தள்ளியவை மருந்துகளே. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோநையாசிட் வழக்கத்துக்கு வந்தது. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரு பிரிவினராக்கி ஆராய்ந்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே, எளிய உணவுண்டு, அன்றாட அலுவல்களையும் கவனித்தனர். இரு சாராரும் அதே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. குணமடைந்தோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். ஓய்வும் மலைக்காற்றும் இன்றியமையாதன அல்ல, ஒழுங்காக மருந்துண்பதே இன்றியமையாதது என்னும் பேருண்மை நம் தலைநகரில் நிலைநாட்டப்பட்டது.

அப்படியானால் நடையினால் பயனில்லையோ என்று ஐயுறலாம். பயனுண்டு, ஆனால் அது வேறு வகைப் பயன். ஓய்வாக இருக்கையில் நாம் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உட்கொள்கிறோம். விரைந்து நடக்கையில் அது மூன்று, நான்கு மடங்காகிறது. நடையினால் நுரையீரலில் புதிய காற்றறைகள் முளைப்பதில்லை. பழகிய தசைகளும் இதயமும் குறைந்த மூச்சிலேயே நிறைந்த வேலை செய்யக் கற்றுக்கொள்கின்றன. நாட்பட்ட மூச்சுக்குழல் நோயாளியின் ஆற்றலை அளக்க, 1976இல் பன்னிரண்டு நிமிட நடையை மருத்துவர்கள் கையாண்டனர். 1982இல் ஆறு நிமிட நடையே போதும் என்று கண்டனர். அளந்து நடக்கும் பயிற்சி இன்று அந்நோயாளிகளின் சிகிச்சையில் ஓர் அங்கமாகும்.

சேலத்து வழக்கறிஞராகவும், 1917 முதல் 1919 வரை இந்நகராட்சியின் தலைவராகவும் விளங்கிய இராஜாஜி, ஆஸ்துமாவினால் துன்புற்றவர். அவரே 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, சுமார் 150 மைல் நடந்து, 28ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 51. நாளொன்றுக்குப் பத்து மைல் அளவேயான, சீரான நடை அது. நடை அவர் நோயைத் தீர்த்தது என்று நாம் கூறவில்லை. நோயுற்ற மூச்சும் அளவறிந்து நடந்தால் நெடுந்தொலைவு செல்லும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

மாணவர்களே! உங்கள் வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேர உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பதினெட்டு வயதைக் கடந்தோர்க்கு வாரத்துக்கு 150 நிமிடமேனும் வேண்டும். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடந்து செல்வதே அதில் ஒரு பகுதியை நிறைவேற்றும். ஆயினும் லாரிப் புகை சூழ்ந்த கடைவீதியில் நடப்பதைவிட, வண்டிகள் குறைந்த தெருவில், விடியற்பொழுதில் நடப்பது நன்று. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ பட்டறைத் தொழிலாளி ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுவாராயின், "காலாற நடந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சளியைச் சோதிக்கச் செய்யுங்கள். அவருடன் அந்தத் தொலைவு நடப்பதே அன்றைக்கு நீங்கள் நடக்கத்தக்க மிகச் சிறந்த நடையாகும்.