கொழுந்து மலையிலிருந்து தையல் மேசைக்கு: உடப்புசல்லாவையின் கணக்கு

இலங்கையின் ஏழு தேயிலைப் பிரதேசங்களில் ஒன்று உடப்புசல்லாவை. நுவரெலியாவிலிருந்து அங்கு போகும் வழியில் கந்தப்பளை. அதன் மேட்டிலுள்ள ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996 முதல் ஹோட்டல்; கொழுந்து வாட்டிய மாடிகளில் இன்று படுக்கையறைகள். சுற்றுலாத்துறை இதை வெற்றிக்கதையாகச் சொல்லும். தோட்டத்தின் கணக்கு வேறு.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பறித்த கொழுந்து காத்திருக்காது. ஆகவே மலையில் ஆள் இல்லையென்றால் தொழிற்சாலையும் இல்லை. 2013இல் சுமார் 340 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் உற்பத்தி, 2022இல் சுமார் 251 மில்லியன். 2021இன் இரசாயன உரத் தடைக்கு இதில் பெரும் பங்குண்டு. உரம் பின்னர் வந்தது. வெளியேறிய இளையோர் திரும்பவில்லை.

அவர்களில் பலர் போனதும் தொழிற்சாலைக்குத்தான். முதலில் 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க வர்த்தக வலயம், பிறகு ஜோர்தான். அமெரிக்காவுடனான உடன்படிக்கையால் அங்கு தைத்த ஆடைகள் 2025 வரை தீர்வையின்றி அமெரிக்கா போயின. தைப்பவர்களில் பெரும்பாலோர் தெற்காசியர்.

தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய், அதுவும் வேலை கிடைக்கும் நாட்களுக்கு மட்டும். தையலில் மாதச் சம்பளம், ஓவர்டைம். ஆனால் ஜோர்தானில் தங்குவது கம்பெனி விடுதியில். வதிவிட அனுமதியும் முதலாளியோடு கட்டுண்டது. லயத்தில் பிறந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. மகள் வெளிநாட்டில் தைக்க, தாய் இன்னும் கொழுந்துக்குப் போவதன் காரணமும் அதுவே: பல தோட்டங்களில், வீட்டில் ஒருவராவது பேர் பதிந்திருந்தால்தான் லயக் காம்பரா குடும்பத்துக்கு.