"வயசாயிடுச்சு, விழுந்துட்டாங்க": ஒரு சின்ன வரலாற்று த்ரெட்

1/ வளவனூர் பக்கத்துல இருந்து ஒரு பாட்டி. இடுப்பு எலும்பு முறிவு. "வயசாயிடுச்சு சார், பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க"ன்னார் மகன். நாம எல்லாருமே சொல்றதுதான். ஆனா வயசு மட்டுமே காரணம் இல்லைன்னு மருத்துவம் புரிஞ்சுக்கவே ரொம்ப காலம் ஆச்சு. அந்தக் கதைதான் இது.

2/ 1935, லண்டன். வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில டாக்டர் மார்ஜரி வாரன் பொறுப்புல 700க்கும் மேற்பட்ட நோயாளிகள் வந்தாங்க. பலர் முதியவங்க, வருஷக்கணக்கா படுத்த படுக்கை. "இனி அவ்ளோதான்"னு விட்டுட்டவங்க. அவர் ஒவ்வொருத்தரையும் பரிசோதிச்சார், எழுப்பி நடக்க வெச்சார். பலர் வீட்டுக்கே போனாங்க. முதியோர் மருத்துவம் தொடங்குனது இப்படித்தான்.

3/ 1960. வுல்வர்ஹாம்ப்டன்ல டாக்டர் ஜோசப் ஷெல்டன் ஒரு எளிய வேலை செஞ்சார். 202 பேர்கிட்ட, அவங்க விழுந்த 500 தடவையைப் பத்தி விசாரிச்சார். மாடிப்படி, கால் தடுக்கினது, தலைசுத்தல், தலையைப் பின்னாடி சாய்ச்சது, எழுந்து நின்னதும் பிரஷர் இறங்கினது... விழறதுக்குப் பின்னாடி இத்தனை காரணங்கள் இருக்கறது அப்போ தெரிஞ்சது.

4/ நம்ம ஊருக்கு வருவோம். 1978ல சென்னை அரசு பொது மருத்துவமனையில முதியோருக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். இந்தியாவிலேயே அதுதான் முதல். 1996ல சென்னை மருத்துவக் கல்லூரியில முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பும் வந்துச்சு. 2024ல கிண்டியில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மையம் திறந்தாங்க.

5/ காரணம் தெரிஞ்சா தடுக்க முடியுமா? 1994ல அமெரிக்காவுல டாக்டர் மேரி டினெட்டி குழு 70 வயசு தாண்டின 301 பேரை வெச்சுப் பாத்தாங்க. மாத்திரைகளைச் சரிபாத்து, உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, வீட்டுல இருந்த ஆபத்துகளை நீக்கினாங்க. அது கிடைக்காதவங்கள்ல ஒரு வருஷத்துல 47% பேர் விழுந்தாங்க. கிடைச்சவங்கள்ல 35%.

6/ இப்போ பாட்டி கதைக்கு வரேன். அவங்களையே கேட்டேன். "தரை ஈரமே இல்லப்பா. ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தேன், நாலு எட்டு வெச்சேன், கண்ணு இருட்டிக்கிச்சு." பழைய ஓபி சீட்டைப் புரட்டினேன். சில வாரம் முன்னாடி பிரஷர் மாத்திரையைக் கூட்டி எழுதியிருந்தது நான்தான். உக்கார வெச்சுதான் பிரஷர் பாத்திருந்தேன். நிக்க வெச்சுப் பாக்கல. ஷெல்டன் 1960லயே கேட்ட கேள்வியை நான் கேக்கல.

7/ இப்போ என் ஓபியில முதியவங்க வந்தா படுக்க வெச்சும், நிக்க வெச்சும் பிரஷர் பாக்கறேன். நின்ன 3 நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 இறங்கினா யோசிக்கணும்.

8/ நீங்க செய்ய வேண்டியது:
▪️ கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி லைட்.
▪️ பாத்ரூம்ல பிடிச்சுக்க கம்பி. காலை வாரிவிடற மிதியடியை எடுத்துடுங்க.
▪️ எழுந்ததும் நடக்காம, கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லுங்க.
▪️ சாப்பிடற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்களா நிறுத்தாதீங்க.

9/ கடைசியா ஒண்ணு. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட, அப்பாகிட்ட கேளுங்க: "இந்த ஒரு வருஷத்துல எப்பவாவது விழுந்தீங்களா?" திட்டுவீங்கன்னு பயந்து பல பேர் சொல்றதே இல்ல. திட்டாம கேளுங்க.