ஒரே ஓர் இருக்கை



எங்கள் பள்ளி வாயிலில் காலைக் கடமையில் நிற்கும் நாள்களில் ஒரு தந்தையைக் காண்பேன். முதலாம் ஆண்டில் பயிலும் தம் மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவார். வண்டியின் பின்புறம் இரண்டு சக்கரங்கள் கூடுதலாகப் பொருத்தப்பட்டிருக்கும். பக்கவாட்டில் ஊன்றுகோல்கள் கட்டப்பட்டிருக்கும். பெற்றோரின் வாகனங்கள் வளாகத்திற்குள் நுழையக்கூடாது என்பது பள்ளியின் விதி. மற்றப் பெற்றோர் எதிர்ப்புறம் நிறுத்திவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சாலையைக் கடப்பர். இவர் இறங்கி ஊன்றுகோலை எடுப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே வண்டியில் அமர்ந்தபடியே இருபுறமும் பார்த்து, "இப்ப போம்மா" என்று குரல் கொடுப்பார். சிறுமி தனியே ஓடி வருவாள்.

பல வாரங்கள் இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னஞ்சிறு வயதிலேயே எவ்வளவு துணிவு என்று அவளைப் பாராட்டவும் செய்தேன். ஒருநாள் அவரே என்னை அழைத்தார். "சார், உள்ள வந்து இறக்கி விட்டுக்கிறேன். ரோட்டுல அவ கையப் பிடிக்கத்தான் என்னால முடியல" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

விதியைத் தளர்த்தினோம். உடனே வேறு சில பெற்றோர், "அவருக்கு மட்டும் ஏன் சலுகை?" என்று கேட்டனர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சிறப்புக் கல்வி பற்றிப் படித்தோம். உடற்பேறு குறைந்த மாணவனுக்கு எங்கே இடம் கொடுப்பது என்று கற்றோம். உடற்பேறு குறைந்தவர் பெற்றோராகப் பள்ளி வாயிலுக்கு வருவார் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. அக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் பிரிட்டனின் நீலநிற மூன்று சக்கர வண்டியின் வரலாறு கண்ணில் பட்டது. அரசே முன்வந்து வண்டி கொடுத்த நாடு அது. அதனால்தான் அங்கே நடந்த பிழையும் தெளிவாகத் தெரிகின்றது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த வேளையில் பெர்ட் கிரீவ்ஸ் என்னும் பொறியாளர், உடல் செயலிழந்த தம் உறவினர் டெர்ரி பிரெஸ்டன் காப் என்பவருக்காக ஒரு மோட்டார் வண்டியை வடிவமைத்தார். இருவரும் சேர்ந்து 'இன்வாகார்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். 1948ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கப்பட்ட பின்னர், இத்தகைய வண்டிகளைச் சுகாதார அமைச்சு பயனீட்டாளர்களுக்குக் கட்டணமின்றி வழங்கியது. வேறு நிறுவனங்களும் இவற்றைத் தயாரித்தன. 1970களில் வந்த 'மாடல் 70' வண்டியைப் படங்களில் காணலாம். கண்ணாடியிழை உடல், வெளிர்நீல வண்ணம், நகர்த்தித் திறக்கும் கதவுகள், பின்னால் இயந்திரம், வட்டச் சுக்கானுக்குப் பதிலாகக் கைப்பிடி. சக்கர நாற்காலியிலிருந்து இருக்கைக்கு நகர்ந்து, நாற்காலியை மடித்துப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்ளலாம். யாருடைய உதவியும் வேண்டாம். அக்காலத்தில் அது எத்தனை பேரின் வாழ்வை மாற்றியிருக்கும் என்பதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் அவ்வண்டியில் இருந்தது ஒரே ஓர் இருக்கை. வேறு எவரையும் ஏற்றிச் செல்லக்கூடாது என்பது விதி. மனைவியை ஏற்றக்கூடாது, நண்பரை ஏற்றக்கூடாது, குழந்தையையும் ஏற்றக்கூடாது.

சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கணவர் வேலைக்குச் சென்றுவிட்டார். இரண்டு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல். வாசலில் அரசு கொடுத்த வண்டி நிற்கின்றது. மருந்தகத்திற்குச் செல்ல வேண்டுமானால், குழந்தையை வீட்டில் தனியே விட வேண்டும்; அல்லது விதியை மீறி, நாற்காலி வைக்கும் இடத்தில் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் நாற்காலி வீட்டிலேயே தங்கிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் வண்டியைவிட்டு இறங்க இயலாது. இதைத் திட்டமிட்டவர்கள் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. உடற்பேறு குறைந்தவர் என்றதும் அவர்கள் கண்முன் வந்தவர் தனியே வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவர். அவருக்குப் பிள்ளை இருக்கும், அப்பிள்ளையை அவரே தூக்கிச் செல்வார் என்னும் எண்ணம் வரைபலகையை எட்டவில்லை, அவ்வளவே.

இத்தனைக்கும் போரில் உறுப்பிழந்தவர்களுக்கு அதே அரசு சிறிய மகிழுந்துகளைக் கொடுத்தது. குடும்பத்தோடு செல்லும் வண்டியைத் தரத் தெரியாமல் இல்லை. போரில் கால் இழந்தவர் குடும்பத் தலைவர். போலியோவால் கால் இழந்தவர் நோயாளி! நாளடைவில், பகல் வேளையில் சிறு குழந்தையைத் தனியே பார்த்துக்கொள்ளும் பெற்றோர் போன்ற சிலருக்கு விதிவிலக்காக மகிழுந்து கொடுக்கப்பட்டது. விதிவிலக்கு என்றால் விண்ணப்பம், விசாரணை, காத்திருப்பு என்பதை நாம் அறிவோம்.

காற்றில் கவிழ்கின்றது, தீப்பற்றுகின்றது என்ற குறைகளும் தொடர்ந்து எழுந்தன. 1974ஆம் ஆண்டு ஷார்ப் சீமாட்டியின் அறிக்கை இம்மூன்று சக்கர வண்டிகளைப் படிப்படியாகக் கைவிடப் பரிந்துரைத்தது. 1976ஆம் ஆண்டு நடமாட்ட உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது; தொடக்கத்தில் வாரத்திற்கு ஐந்து பவுண்டு. தொகை சிறிதுதான். ஆனால் வண்டியோட்ட இயலாதவருக்கும் அது கிடைத்தது என்பதே பெரிய மாற்றம். அதற்குமுன் ஓட்டத் தெரிந்தவருக்கே வண்டி. ஓட்ட முடியாதவருக்கு ஒன்றுமில்லை. 1977இல் மோட்டபிலிட்டி அமைப்பு உருவாகி, அவ்வுதவித்தொகையைக் கொண்டே சாதாரண மகிழுந்தை வாடகைக்குப் பெற வழி செய்தது. பின்னிருக்கையில் பிள்ளைகள் ஏறினர். எஞ்சியிருந்த அரசு நீல வண்டிகள் 2003ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாளோடு சாலையிலிருந்து அகற்றப்பட்டன.

நம் நாட்டுக்கு வருவோம். உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையை அதன் 26, 27ஆம் பிரிவுகள் கூறுகின்றன. இயற்றியபோது, மீறுவோருக்குத் தண்டனை எதுவும் அதில் வைக்கப்படவில்லை. 2010ஆம் ஆண்டு மலேசியா ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 23ஆம் விதியோ இன்னும் ஒரு படி செல்கின்றது. உடற்பேறு குறைந்தோர் தம் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை நிறைவேற்ற அரசு தக்க உதவி அளிக்க வேண்டும் என்கின்றது. படிக்கட்டில் சரிவுப்பாதை அமைப்பதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் நம்மில் எத்தனை பேர் இவ்விதியைப் படித்திருப்போம்? நானும் இப்போதுதான் படித்தேன்.

சலுகையா என்று கேட்ட பெற்றோருக்கு நான் கூற விரும்புவது இதுதான். நீங்கள் அனைவரும் நாள்தோறும் செய்கின்ற ஒன்றை, அதாவது பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்குள் அழைத்து வருவதை, அவரும் செய்ய வேண்டும் என்று கேட்டார்.

இப்போது அவர் பக்கவாயில் வழியாக ஏழு மணிக்கு முன்பே வந்துவிடுகின்றார். தாமே இறங்கி, ஊன்றுகோலை ஊன்றி, மகளோடு வகுப்பு நடைபாதை வரை செல்கின்றார். அவள் ஓர் ஊன்றுகோலின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வகுப்போ மாடியில் இருக்கின்றது. தர அட்டை பெறும் நாளில் என்ன செய்வது என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். அன்று கீழே நூலகத்தில் மேசை போட்டு அமர்ந்துகொள்கிறேன் என்றார்.