குதிரைத்திறன்: அளவா, மதிப்பீடா?

பழைய மாருதி 800 காரின் இயந்திரத்தைக் குறைந்த செலவில் மேம்படுத்திக் கால் மைல் டிராக் பந்தயத்திற்கு ஆயத்தப்படுத்துவோர் முதலில் கேட்பது, ‘இப்போது எத்தனை குதிரை?’ என்பதே. திறனை நேரடியாக அளக்க இயலாது. விசை, தொலைவு, காலம் ஆகியவற்றை அளந்து, அவற்றிலிருந்து கணக்கிட்டே அதைப் பெறுகிறோம். அக்கணக்கை யார், எதன்பொருட்டுச் செய்தார் என்பதே குதிரைத்திறனின் வரலாறு.

அலகு பிறந்தது வணிகத்தில். நீராவி இயந்திரம் எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று வாங்குவோருக்கு விளக்க வேண்டிய தேவை 1780களில் ஜேம்ஸ் வாட்டுக்கு இருந்தது. ஆலைக்குதிரை 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 144 சுற்று வரும் என்றும், 180 பவுண்டு விசையுடன் இழுக்கும் என்றும் அவர் கொண்டார். பெருக்கினால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 32,572 அடி-பவுண்டு. அதை 33,000 என முழுமையாக்கினார். இது நாள் முழுதும் உழைக்கும் குதிரைக்கான கணக்கு. 1926ஆம் ஆண்டின் அயோவா கண்காட்சி இழுவைப் போட்டித் தரவுகளை ஆராய்ந்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த குறிப்பு, சில நொடிகளுக்கு ஒரு குதிரை 14.9 குதிரைத்திறன் வரை வெளிப்படுத்தியதாகக் காட்டியது.

இங்கே ஒரு சொல்லாய்வு. திருவனந்தபுரத்தில் என்னைச் சூழ்ந்துள்ள மலையாளம் இதனைக் ‘குதிரசக்தி’ என்கிறது. பழைய தமிழ் வழக்கும் ‘குதிரைச்சக்தி’யே. இன்றைய தமிழ்க் கலைச்சொல் ‘ஆற்றல்’, ‘திறன்’ என இரண்டையும் பிரிக்கிறது. செய்த வேலையன்று, அதைச் செய்த வேகமே திறன். பந்தயக் கணக்கு முழுவதும் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கிறது.

1821இல் பிரெஞ்சுப் பொறியாளர் புரோனி, சுழலும் தண்டை உராய்வுத் தடையால் இறுக்கித் திறனை அறியும் கருவியை அமைத்தார். ‘பி.எச்.பி.’ என்பதிலுள்ள ‘பி’ அந்தத் தடையையே குறிக்கும். பிரிட்டனின் 1910ஆம் ஆண்டு வாகன வரியோ சோதனையையே தவிர்த்தது: உருளை விட்டத்தின் (அங்குலத்தில்) வர்க்கத்தை உருளைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுத்தால் போதும். மாருதி 800இன் 68.5 மி.மீ. விட்டமுள்ள மூன்று உருளைகளுக்கு இவ்வாய்பாடு தருவது ஏறத்தாழ 8.7. அவ்வியந்திரம் உண்மையில் தந்ததோ நாற்பதை ஒட்டிய திறன். வாய்பாடு தன் காலத்து இயந்திரங்களின் அழுத்தத்தையும் உந்துதண்டு வேகத்தையும் தனக்குள் உறையவைத்திருந்தது. இயந்திரம் மாறியதும் பொய்த்தது.

டிராக் பந்தயம் வேறொரு வழியைத் தந்தது. அதற்கு வேண்டியது நீண்ட நேர்ப்பாதை. அதை அளித்தவை விமான ஓடுபாதைகள். 1950இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா விமான நிலையத்தில் இப்பந்தயம் வேரூன்றியது. சென்னையை அடுத்த சோழவரத்தின் போர்க்கால ஓடுபாதையும் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயக் களமாயிற்று. மாருதி 800இன் இயந்திரத்தைக் கொண்டே 1980களின் இறுதியில் கோவையின் கரிவரதன் ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் காரை உருவாக்கினார். குறைந்த செலவுப் பந்தயத்திற்கு நம் மண்ணின் முன்னோடி அது.

ரோஜர் ஹண்டிங்டன் பட்டறிவால் கண்ட உறவு எளியது: கால் மைலின் இறுதி வேகம், திறனை எடையால் வகுத்து வரும் ஈவின் கனமூலத்திற்கு நேர்விகிதமானது. 1973இல் ஜெஃப்ரி ஃபாக்ஸ் அதற்கு இயற்பியல் விளக்கம் அளித்தார். இன்று பரவலாக வழங்கும் வடிவம்:

திறன் = எடை (பவுண்டு) × (வேகம் (மைல்/மணி) ÷ 234)³

ஓட்டுநரோடு 720 கிலோ, அதாவது 1,587 பவுண்டு எடையுள்ள கார் 65 மைல் வேகத்தில் கோட்டைக் கடந்தால், விடை 34 குதிரைத்திறன். வேகம் 67 என்றால் 37. மும்மடிப் பெருக்கத்தால் வேகத்தில் 3 விழுக்காட்டுப் பிழை, திறனில் 9 விழுக்காடாகிறது. 234க்கு மாறாக ஹண்டிங்டனின் 225ஐ இட்டால் முதல் விடையே 38 ஆகிவிடும். இழப்பே இல்லாத இலட்சிய நிலையில் அவ்வெண் 281. இடைவெளியை விழுங்குபவை டயர் வழுக்கல், கியர் மாற்றம், காற்றுத்தடை.

எனவே எடைமேடையும் நேரக்கருவியும் போதும். ஆனால் ஒரே காரை ஒரே பாதையில் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஓட்டி ஒப்பிடும்போதே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. அதற்கு மூடிய பாதை வேண்டும். நள்ளிரவு நகரச்சாலைப் பந்தயங்கள் இந்நகரிலும் உயிர்களைப் பறித்துள்ளன. அவை தரும் எண்ணுக்கு அறிவியல் மதிப்பும் இல்லை. ஒருவர் குதிரைத்திறனைச் சொல்லும்போது, எந்த வாய்பாட்டால், எந்த எடையில், எங்கே அளந்தது என்று கேட்பதே ஆய்வு மாணவரின் கடமை.